வூடே இங்கதான்பா உக்காந்திருக்கு

கார் ஓட்டுவதை விட்டுவிடுங்கள் என்று என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. அந்த மரியாதையெல்லாம் வீட்டில் உண்டு. மனைவி மட்டும் கொஞ்ச நாளாகப் பின் சீட்டுக்கு மாறிவிட்டாள். காலை நீட்டிக்கொள்ள வசதியாம். மருமகள், "உங்களுக்கு எதுக்கு மாமா சிரமம்?" என்று பேத்தியை ஸ்கூல் வேனில் சேர்த்துவிட்டாள். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் என் கார் வருவதைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறார். மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன். எழுந்தவர் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பார்க்கிங்கில் ஓரத்துத் தூணுக்கும் எனக்கும் பழைய தொடர்பு. தூணில் என் கார் பெயின்ட் இருக்கிறது, காரில் தூணின் சுண்ணாம்பு இருக்கிறது. ரிவர்ஸ் எடுக்கும்போது கழுத்து பாதிதான் திரும்புகிறது. மீதியைக் கடவுள் பார்த்துக்கொள்கிறார். மகன் ரிவர்ஸ் கேமரா மாட்டிக் கொடுத்தான். அந்த ஸ்கிரீனைப் பார்க்க ரீடிங் கிளாஸ் வேண்டும். அதைப் போட்டால் ரோடு தெரியாது.

கத்திப்பாரா மேம்பாலத்தை 2008-ல் திறந்தபோது, ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டிய ஆள் நான். வலது பக்கம் போக வேண்டுமா? நேராகத் தாண்டிப் போய், இடது பக்கம் வளைந்து, ஒரு சுற்று சுற்றி வரணும் என்று என்னமோ நானே பிளான் போட்டுக் கொடுத்த மாதிரி விளக்கம் வேறு. போன தை மாதம் வடபழனியில் ஒரு ரிசப்ஷன். கிண்டியிலிருந்து வந்துகொண்டிருந்தேன். வலது பக்கம் போகணும், வலது பக்கம் போகணும் என்று மனசு பூரா வலதாகவே இருந்ததில், இடது வளைவைக் கோட்டை விட்டேன். சரி, அடுத்த வளைவில் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் அடுத்த வளைவே வரவில்லை. மீனம்பாக்கம் வந்தது. ஏர்போர்ட் போர்டைப் பார்த்ததும் பின் சீட்டிலிருந்து ஒரு குரல்: "எந்த ஃப்ளைட்டு?"

அந்தப் பதற்றத்தில் யூ டர்ன் தேடி லேன் மாறினேன். இண்டிகேட்டர் ஒரு பக்கம், கார் ஒரு பக்கம். உரசாமல் தப்பித்த ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "இன்னா பெருசு, வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்றார். சென்னையில் கார் ஓட்டுகிற எல்லாருக்கும் ஒருநாள் கிடைக்கிற ஆசீர்வாதம்தான். நான் பதில் யோசிப்பதற்குள் பின் சீட்டே பதில் சொல்லிவிட்டது: "வூடே இங்கதான்பா உக்காந்திருக்கு!" இரண்டு பேரும் சிரித்தார்கள். மூன்றாவது ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மேற்கு வெயில் கண்ணில் அடித்தது என்று வீட்டில் வாதாடினேன். மகன் வாதாடவில்லை, மொபைலில் ஒரு பழைய செய்தியைக் காட்டினான். 2019 ஜனவரியில் எலிசபெத் ராணியின் கணவர் ஃபிலிப், சாண்ட்ரிங்ஹாம் பக்கத்தில் லேண்ட் ரோவரைக் கவிழ்த்துவிட்டார். மோதிய காரில் இருந்த பெண்களுக்குக் காயம். தாழ்ந்த வெயிலில் எதிரே வந்தது தெரியவில்லை என்று மன்னிப்புக் கடிதம் எழுதினார். அடுத்த மாதமே லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பாத்தீங்களாப்பா, அவரே குடுத்துட்டார்." நானும் பார்த்தேன். அவருக்கு அப்போது வயது 97. எனக்கு வருகிற மாதம்தான் 70. இன்னும் 27 வருஷம் இருக்கிறது.

கண் டாக்டர் கொஞ்சம் கறாரானவர். வயதாக ஆகக் கண்மணி சுருங்குமாம். 20 வயதில் விழித்திரைக்குப் போகிற வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போகுமாம். கூசிய கண் தெளியவும் கூடுதல் நேரம் பிடிக்குமாம். அதாவது, ராத்திரியில் எதிரே ஒரு எல்.இ.டி. ஹெட்லைட் வந்துவிட்டுப் போனால், அப்புறம் சில விநாடிகள் நான் ரோட்டை ஞாபகத்தில் வைத்துத்தான் ஓட்டுகிறேன். ஞாபகசக்தி எப்படி என்கிறீர்களா? அதான் மீனம்பாக்கம் போனேனே.

அதனால் ஒவ்வொன்றாக விட ஆரம்பித்தேன். முதலில் ராத்திரி. அப்புறம் மழை. அப்புறம் ஹைவே, தி.நகர், பள்ளிக்கூடம் விடுகிற நேரம். இப்போது வலது பக்கம் திரும்புவதையும் முடிந்தவரை தவிர்க்கிறேன். இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி லைப்ரரிக்குப் போக ஒரு ரூட் கண்டுபிடித்திருக்கிறேன். நடந்தால் அதைவிடச் சீக்கிரம் போய்விடலாம். நிலமெல்லாம் போன பிறகும் தலைப்பாகையை விடாத ஜமீன்தார் மாதிரி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆளில்லாத ரோட்டில் பால் பூத் வரைக்கும் கெத்தாகப் போய் வருகிறேன். பால் பாக்கெட் வீட்டுக்கே வந்துவிடுகிறது என்பது வேறு விஷயம்.

காரை விட்டால் எதில் போவது என்று கேட்கவும் வழியில்லை. சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமே கிடையாது. என் காரை நம்பியிருந்த காலத்தில் கபாலி கோவிலை எப்போதாவது பார்த்துக்கொண்டிருந்த மனைவி, இப்போது மயிலாப்பூர், மாம்பலம் என்று நினைத்தபோது கிளம்பிவிடுகிறாள். சென்னையில் 60 தாண்டியவர்களுக்கும் மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் உண்டு. எனக்குத்தான் மூத்த குடிமக்கள் வரிசையில் போய் நிற்க இன்னும் வயதாகவில்லை.

கால் டாக்ஸி பழகலாம் என்று ஏறினேன். பின் சீட்டில் உட்கார்ந்தபடி சிக்னலுக்குச் சிக்னல் நானும் பிரேக் போட்டேன். "கால் மரத்துப்போச்சா சார்?" என்று கவலையாகக் கேட்டான் டிரைவர் பையன்.

இந்த நேரம் பார்த்து லைசென்ஸ் முடிகிறது. 55 தாண்டிவிட்டால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இத்தனை வயதோடு நிறுத்திக்கொள் என்று சட்டம் சொல்லவில்லை. அந்தப் பொறுப்பை நம்மிடமே விட்டிருக்கிறது, பாவம். டாக்டர் கையெழுத்துக்குப் படிவம் 1ஏ. அதோடு, நம் உடம்பைப் பற்றி நாமே உறுதி சொல்லப் படிவம் 1. வலிப்பு உண்டா, சிவப்பு பச்சை தெரிகிறதா, மாலைக்கண் உண்டா என்று வரிசையாகக் கேள்வி. பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுமா? பால்கனியில் நின்று எதிர்வீட்டுக் கார் நம்பரைக் கடகடவென்று வாசித்துக் காட்டினேன். "அது அவங்க பழைய கார் நம்பருங்க. அதை வித்து ஒரு வருஷமாச்சு" என்றாள் மனைவி.

கடைசிக் கேள்விதான் வில்லங்கம். நீங்கள் வண்டி ஓட்டுவது பொதுமக்களுக்கு ஆபத்தாகும்படி வேறு நோயோ குறையோ உண்டா, இருந்தால் விவரம் தருக. அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "விவரம் எழுத எவ்வளவு இடம் விட்டிருக்காங்க?" என்று கேட்டாள்.

நேற்று 1ஏ-வைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன். நல்ல மனிதர். பிரஷர் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், கழுத்தைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். உடம்பையே திருப்பினேன். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர் ஒரு கணம் நிறுத்தி, "இந்தத் தெருவுல பார்க்கிங்தான் பெரிய கஷ்டம். எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டார்.

"ஒரு கஷ்டமும் இல்ல டாக்டர்" என்றேன். பொய் இல்லை. ஆட்டோவை டிரைவரே ஓரமாகப் போட்டிருந்தார். வெயிட்டிங் சார்ஜ்தான் ஐம்பது ரூபாய் கூடக் கேட்டார்.