பாதுகாப்பாகக் குவாரி நடத்த ஏழு வழிகள்

குத்தகை கையெழுத்தாகிவிட்டது. பூமி பூஜை முடிந்து, முதல் டிப்பருக்கு நடைச்சீட்டும் வாங்கியாச்சு. வாழ்த்துகள், அண்ணாச்சி! இனி உங்கள் தூக்கத்தைக் கெடுக்கப்போகிற ஒரே சொல் ‘பாதுகாப்பு’. கவலை வேண்டாம். கீழே உள்ள ஏழு வழிகளைக் கடைப்பிடித்தால் பாதுகாப்புக்கு ஒரு குறையும் வராது. குறிப்பாக, உங்கள் பாதுகாப்புக்கு.

1. படிகளை வரைபடத்தோடு நிறுத்துங்கள்

கெட்டிப் பாறையில் ஒரே சுவராக 6 மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது, படி விட்டுத்தான் இறங்க வேண்டும், படியின் அகலம் அதன் உயரத்துக்குக் குறையக் கூடாது என்று 1961-ஆம் ஆண்டின் சுரங்க ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 300 அடி இறங்க 15 படி வேண்டும். படிக்கு 20 அடி ஒதுங்கினால், பள்ளத்தின் அடிக்குப் போவதற்குள் பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 300 அடி உள்ளே வந்திருப்பீர்கள். ஐந்து ஏக்கர் குத்தகையில் நாலு பக்கமும் இப்படி ஒதுங்கினால் 300 அடிக்கு இறங்கவே முடியாது. அத்தனை கல்லும் விற்காமல் அங்கேயே நிற்கும். மனசு கேட்குமா?

ஆகவே படிகள் வரைபடத்தில் அழகாக இருக்கட்டும். பள்ளத்தில் சுவர் நேராக இறங்கட்டும். 2022 மே 14 இரவு, திருநெல்வேலி அடைமிதிப்பான்குளத்தில் சுமார் 300 அடிப் பள்ளத்தில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள், நால்வர் இறந்தார்கள். படி இருந்தால் மேலிருந்து உதிரும் கல் அடுத்த படியில் தங்கும். இல்லாவிட்டால் கீழே நிற்பவரின் தலைதான் அடுத்த படி.

2. காலையில் சுவரைப் பார்க்காதீர்கள்

வெடி போட்ட பிறகும் மழை பெய்த பிறகும் சுவரை நிமிர்ந்து பார்த்து, பிடிப்பு விட்ட கல்லைக் கடப்பாரையால் மேலிருந்து கீழாக நெம்பித் தள்ளிவிட்டு, அப்புறம்தான் ஆளை இறக்க வேண்டுமாம். அந்த நேரத்தில் நாலு லோடு போயிருக்கும். 2025 மே 20 அன்று சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில், துளை போட்டுக்கொண்டிருந்தவர்கள் மேல் பாறை சரிந்து உயிர்கள் போயின. நமக்கு எதற்கு வம்பு? கல்லைப் பார்த்தால்தானே விரிசல் தெரியும்.

3. தண்ணீரை மிச்சப்படுத்துங்கள்

துளை போடும்போது தண்ணீர் பாய்ச்சினால் தூசி சேறாகி அங்கேயே அடங்கிவிடும். செலவு என்று பார்த்தால் ஒரு தொட்டி, ஒரு பம்பு, கொஞ்சம் குழாய். ஆனால் வேலை சற்று மெதுவாகும், இடமும் சகதியாகும். உலர்வாகவே போடச் சொல்லுங்கள். ஜாக்ஹாமர் பிடிக்கிறவரின் புருவமும் மீசையும் பத்து நிமிடத்தில் நரைத்துவிடும். வாயில் கட்டிக்கொள்ளத்தான் அவரிடம் துண்டு இருக்கிறதே!

கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூசி துண்டின் இழையைத் தாண்டி நுரையீரலில் தங்கி, தழும்பாக இறுகும். சிலிக்கோசிஸ் என்று பெயர். குணப்படுத்த மருந்து கிடையாது. ஆனால் பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்துத்தான் மூச்சு வாங்கும். அதற்குள் அவர் ஊர் திரும்பி, டி.பி. என்று நினைத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அந்த மூச்சிரைப்பு உங்கள் அலுவலகம் வரை கேட்காது.

4. எக்ஸ்ரே எடுக்காதீர்கள்

வேலைக்குச் சேரும்போதும், பிறகு குறிப்பிட்ட இடைவெளியிலும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று விதி. எடுத்தால் நோய் தெரியும். தெரிந்தால் அரசுக்கு அறிவிக்க வேண்டும். எடுக்காத எக்ஸ்ரேயில் எல்லா நுரையீரலும் சுத்தம்தான்.

5. ஹெல்மெட்டைப் பத்திரமாக வையுங்கள்

மஞ்சள் ஹெல்மெட் இருபது வாங்கி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் அலுவலகச் சுவரில் வரிசையாக ஆணியில் மாட்டுங்கள். ஆய்வுக்கு ஜீப் வருகிறது என்று செக்போஸ்ட்டிலிருந்து போன் வந்ததும் இறக்கி விநியோகிக்கலாம். பள்ளத்தில் ரப்பர் செருப்பே போதும். பயிற்சிப் பதிவேட்டை மேஸ்திரியிடம் கொடுத்துவிடுங்கள். இருபது பேர் கையெழுத்தையும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் அவரே போட்டு முடிப்பார். கைநாட்டு வைக்கிறவர்கூட அந்த ஏட்டில் கையெழுத்துப் போடக் கற்றிருப்பார். இதைவிடச் சிறந்த பயிற்சி உண்டா?

6. மருந்தை வீணாக்காதீர்கள்

முந்தின வெடியில் மிஞ்சிய துளையின் அடியில் வெடிக்காத மருந்து இருக்கலாம். அதே துளையில் திரும்பத் துளைக்கக் கூடாது என்பது பழைய விதி. பாதித் துளை ஏற்கெனவே இருக்கும்போது புதிதாக ஏன் தொடங்க வேண்டும் என்பது சிக்கனம். 2024 மே தினத்தன்று விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே குவாரிக்கான வெடிமருந்தை இறக்கும்போது வெடித்து மூவர் இறந்தார்கள். தொழிலாளர் தினத்தில் விடுமுறை விட்டிருந்தால் என்று யோசிக்கத் தொடங்காதீர்கள். அது நீண்ட யோசனை.

7. கூலியை அடிக்கணக்கில் கொடுங்கள்

எல்லா வழிகளிலும் இதுதான் தலையாயது. துளைத்த அடிக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால், தண்ணீருக்கு ஆகும் நேரம், இடுப்பில் கயிறு கட்டும் நேரம், சுவரைப் பார்க்கும் நேரம் எல்லாம் அவர் கூலியில் கழியும். நீங்கள் அவசரப்படுத்தவே வேண்டாம், அவரே அவசரப்படுவார். பிறகு ‘அஜாக்கிரதை’ என்று அவர் மீதே எழுதிக்கொள்ளலாம். முன்பணமும் கொடுத்து வைத்தால் ஊருக்குப் போகிறேன் என்ற பேச்சும் எழாது.

இத்தனைக்குப் பிறகும் ஏதாவது நடந்துவிட்டால்? மேலே சொன்ன மூன்று துயரமும் மே மாதத்தில்தான் நடந்தன. ஜோசியரிடம் கேளுங்கள், கிரகத்தின் மீது போடப் பதில் கிடைக்கும். சட்டத்தைத்தான் முன்போல லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தில் விதிமீறலால் உயிர் போனால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பொற்காலம் போய்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த, தொழிலிடப் பாதுகாப்புக்கான புதிய தொகுப்புச் சட்டத்தில் சிறை அதே இரண்டாண்டு வரைதான். அபராதம் மட்டும் 5 லட்சத்துக்குக் குறையக் கூடாது. அதில் பாதியையாவது குடும்பத்துக்குக் கொடுக்கும்படி நீதிமன்றம் சொல்லலாம். அப்போதும் பயப்படாதீர்கள். சிறைக்கும் அபராதத்துக்கும் நடுவே அந்த ‘அல்லது’ இன்னும் பத்திரமாக இருக்கிறது. ஒதுங்காமல் வெட்டிய கல்லின் விலையோடு ஐந்து லட்சத்தை ஒப்பிட்டால் மனசு லேசாகிவிடும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. சுவரின் முறிவுச் சத்தத்தை முதலில் கேட்பது மேனேஜரோ ஆய்வாளரோ அல்ல, பள்ளத்தில் நிற்பவர்தான். “இன்னைக்கு அந்தப் பக்கம் இறங்க முடியாதுண்ணே” என்று அவர் சொல்லவும், சொன்னதற்காக அன்றைய கூலி போகாமல் இருக்கவும் தயவுசெய்து இடம் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் அடுத்த நாள் தண்ணீர் கேட்பார், அதற்கடுத்த நாள் படி கேட்பார், பதிவேட்டில் தன் கையெழுத்தைத் தானே போடுவேன் என்பார். அப்புறம் இந்தக் கையேடு எதற்கு?