ஒரே ஒரு சின்ன மாற்றம்

ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸப்பில் இரண்டு பலகைகளின் படம் வரும். கீழே, "மச்சி, எது நல்லாருக்கு? டக்குன்னு சொல்லு." அனுப்பியவர் தச்சரும் இல்லை, வீடு கட்டுகிறவரும் இல்லை. கஸ்டம் எலக்ட்ரிக் கிட்டாருக்கு ஆர்டர் கொடுத்துக்கொண்டே இருக்கிறவர்.

டக்கென்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இடது பக்கம் இருப்பது என்றால், "மஹாகனியா? டோன் வார்மா இருக்கும், ஆனா வெயிட்டு. ரெண்டு மணி நேரம் ஷோ பண்ணா தோள்பட்டை கழண்டுரும்" என்பார். எங்கள் பேண்டை யாரும் இரண்டு மணி நேரம் மேடையில் விட்டுவைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. சரி, வலது பக்கம் என்று மாற்றிக்கொண்டால் வண்டுக் கதை ஆரம்பிக்கும். அது ஆஷ் மரம். எமரால்டு ஆஷ் போரர் என்ற வண்டு அமெரிக்காவின் ஆஷ் மரங்களைத் துளைத்துத் தீர்க்கிறது. மரம் கிடைக்காமல் 2020-ல் ஃபெண்டர் கம்பெனியே பெரும்பாலான மாடல்களில் ஆஷைக் கைவிட்டது. "ஃபெண்டரே விட்டுட்டான், நீ போய் ஆஷ்ங்கிறே!" நானா சொன்னேன்? படம் அனுப்பியது யார்? மறுநாள் காலை முடிவு வந்துவிடும்: ஆல்டர். முந்தின ராத்திரி வந்த இரண்டு பலகையிலும் ஆல்டர் கிடையாது.

இவருக்குக் கிட்டார் செய்கிறவர் அமெரிக்காவில் சின்னப் பட்டறை வைத்திருப்பவர். தனி ஆள். அறுப்பது, இழைப்பது, பெயின்ட் அடிப்பது எல்லாம் அவரே. பாவம், நல்ல மனுஷர். ஆரம்பத்தில் ஸ்பெக் ஷீட் அனுப்பி, நிரப்பித் தாருங்கள் என்று கேட்டது ஒன்றுதான் அவர் செய்த குற்றம். நம்மவர் நிரப்பினார். அன்று சாயங்காலமே "ஒரே ஒரு சின்ன மாற்றம்" என்று ஒரு மெயில் போனது. அது இன்றுவரை நிற்கவில்லை.

அந்தச் சின்ன மாற்றத்தின் லட்சணத்தைப் பாருங்கள். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி ஓடும் நீளத்துக்கு ஸ்கேல் லெங்த் என்று பெயர். ஃபெண்டரில் 25.5 அங்குலம், கிப்சனில் 24.75. முதலில் 25.5 எழுதிக் கொடுத்தவர், ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு 24.75 என்று மாற்றினார். நீளம் குறைந்தால் கம்பியின் இழுவிசை குறையும், பெண்ட் செய்ய விரலுக்குச் சுகம், எல்லாம் வாஸ்தவம்தான். "முக்கால் இஞ்ச்தானே மச்சி?" அந்த முக்கால் இஞ்சுக்காக ஃப்ரெட் ஒவ்வொன்றும் இடம் மாறும், பிரிட்ஜ் நகரும், அதையொட்டிப் பிக்கப் குழியும் நகரும். பட்டறைக்காரர் வரைபடத்தை மறுபடி போட்டு அனுப்பினார். ஒரு வாரம் மூச்சுப் பேச்சில்லை. பிறகு, "பிஆர்எஸ்-ல 25 வெச்சிருக்கான். நடுவுல போயிடலாமா?"

நட்டின் அகலம் 42 மில்லிமீட்டரா 43-ஆ என்பதற்காக டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்கினார். அதைப் பிராக்டிஸுக்கே கொண்டுவந்து, ஆளாளுக்குக் கிட்டாரைப் பிடுங்கி அளந்தார். என்னுடையது 42.1 காட்டியது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதான் உனக்கு எஃப் கார்டு சரியா விழ மாட்டேங்குது" என்றார். டிரம்ஸ்காரன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நான் மறக்கமாட்டேன்.

ஆனால் எதுவும் ஃபிங்கர்போர்டுக்குக் கிட்ட வராது. எபனி, மேப்பிள், பாவ் ஃபெர்ரோ என்று சுற்றிவிட்டு ரோஸ்வுட்டில் வந்து நின்றார். நின்றவர் சும்மா நிற்கவில்லை. 1992-ல் பிரேசில் ரோஸ்வுட்டுக்குப் பன்னாட்டு வணிகத் தடை. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனங்கள் எல்லாவற்றுக்கும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு. 2019 நவம்பரில், செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் விலக்கு. தேதி பிசகாமல் ஒப்பிப்பார். எங்கள் பாட்டில் சரணம் முடிந்ததும் எந்தக் கார்டுக்குத் தாவவேண்டும் என்பது மட்டும் அவருக்கு ஞாபகத்தில் நிற்காது. "அப்ப இந்தியன் ரோஸ்வுட் போட்டுக்கயேன், உலகமே அதைத்தானே போடுது" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "அது நம்ம ஈட்டிதானே மச்சி. நம்ம ஊரு மரத்தை அங்க அனுப்பி, திரும்ப டூட்டி கட்டி நானே வாங்கவா?"

அந்த நேரம் பார்த்தா பிரையன் மே கதை அவர் கண்ணில் படவேண்டும்? 1963-ல் பள்ளிக்கூடப் பையனாக இருந்த மே, அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்ய ஆரம்பித்தார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரச்சட்டம். ட்ரெமொலோவுக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். ஃப்ரெட்டுக்கு நடுவே பதிக்கும் புள்ளிகள் அம்மாவின் முத்துச்சிப்பிப் பொத்தான்கள். குவீன் இசைக்குழுவோடு உலகம் சுற்றியது அந்தக் கிட்டார்தான். கையில் காசில்லாத பையன் கிடைத்ததை வைத்துச் செய்தான் என்று நீங்களும் நானும் புரிந்துகொள்வோம். இவர் புரிந்துகொண்டது வேறு. நாகர்கோவிலில் தாத்தா வீட்டில் ஒரு ஈட்டிக் கட்டில் இருக்கிறது.

ஒரு கல்யாணத்துக்காக நானும் கூடப் போயிருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு பெரியம்மா அந்தக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். இவர் தரையில் உட்கார்ந்து, கால்மாட்டுச் சட்டத்தில் காதை வைத்து, தேங்காய் வாங்குகிறவர் மாதிரி விரலை மடக்கித் தட்டுகிறார். கொஞ்சம் தள்ளித் தட்டுகிறார். முகம் மலர்கிறது. "ரிங் ஆகுது மச்சி, வந்து கேளு." பெரியம்மா கண்ணைத் திறக்காமலே, "செதலு இருக்கான்னு பாக்குதியா மக்கா?" என்றார். இவர் ஃபோனை எடுத்துச் சட்டத்தின் நீளத்தைக் குறித்துக்கொண்டார். அந்தப் பெரியம்மாவை நினைத்தால் இப்போதும் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

ஃப்ரெட்டா, இன்லேயா, குமிழ்களின் நிறமா, ஒவ்வொன்றுக்கும் ஒரு சரித்திரம் உண்டு; விட்டுவிடுகிறேன். மேலே ஒட்டும் ஃபிளேம் மேப்பிளை மட்டும் சொல்லியாக வேண்டும். புலிவரி ஓடும் மெல்லிய பலகை, வரி நெருக்கத்துக்கு ஏற்ப மூன்று ஏ, ஐந்து ஏ என்று தரம் போட்டு விற்கிறார்கள். கூடுதல் காசு கட்டி ஐந்து ஏ எடுத்தார். வரி சாய்ந்திருக்கிறது என்று ஒன்றைத் தள்ளினார், நடுவில் ஒரு புள்ளி என்று இன்னொன்றை. பட்டறைக்காரர் சளைக்காமல் படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒருவழியாகப் பலகை அமைந்தது. என்ன கலர் என்று கேட்டேன். அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கறுப்பு. பியானோ கறுப்பு, வரி ஒன்றும் வெளியே தெரியாது.

"அப்ப அந்தப் புலிவரி?"

"உள்ள இருக்குன்னு எனக்குத் தெரியும்ல."

இதற்கு என்ன பதில் சொல்வது? இப்படி ஒருத்தனை எப்படி முழுசாக வெறுப்பது?

வெறுக்கவும் காரணம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். டெபாசிட் கட்டுவதற்காகத் தன் பழைய கிட்டாரை விற்றுவிட்டார். புதிய கிட்டார் வரும்வரை பிராக்டிஸுக்கு? என்னுடையது இருக்கிறதே. சனிக்கிழமை சனிக்கிழமை அவர் என் கிட்டாரை மாட்டிக்கொள்கிறார், நான் ஓரமாக நின்று டம்புரினைக் குலுக்குகிறேன். ஒன்பதாம் நம்பர் கம்பியைக் கழற்றிப் பத்து போட்டார், கேட்காமல். ஆக்‌ஷனைத் தனக்குத் தோதாக இறக்கினார், அதுவும் கேட்காமல். எரிச்சல் என்னவென்றால், 42.1 நட்டு, பேர் தெரியாத மரம், ஊர் தெரியாத பிக்கப், இத்தனையோடும் அந்த மனுஷன் என் கிட்டாரில் சோலோ வாசித்தால் மாடிப்படியில் போகிறவர்கள் நின்று கேட்கிறார்கள்.

போன வாரம் பட்டறையிலிருந்து கண்டிப்பான மெயில் வந்தது. திங்கட்கிழமை மரம் அறுக்கிறார். அதன்பிறகு எதையும் மாற்ற முடியாது. நம்மவர் இரண்டு நாள் துக்க வீட்டுக்காரர் போலத் திரிந்தார். மூன்றாம் நாள் பிராக்டிஸில் என் கிட்டாரை மடியில் குப்புறப் போட்டுக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார்.

"சிங்கிள் காயில்ல ஹம் தாங்கலை மச்சி. ஹம்பக்கர் போட்டுரலாம். எந்தக் காந்தம், ஆல்னிகோ ரெண்டா, அஞ்சா? டக்குன்னு சொல்லு."