பிறந்தநாள் விருந்துக்கு லசானியா

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்குப் பத்துப் பேர் சாப்பிட வருகிறார்கள். லசானியாதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நம் கைக்கு அது வருமா?
– வாசகி, சிவாஜிநகர், பெங்களூரு

பதில்: தாராளமாக வரும்! 1927-இல் கட்டிய ரஸ்ஸல் மார்க்கெட்டைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தயங்கலாமா? முதல் நாள் காலையிலேயே தக்காளி, பூண்டு, முக்கால் கிலோ மட்டன் கைமா வாங்கிவிடுங்கள். கைமா வெந்து, தக்காளி சுண்டி, எண்ணெய் பிரியட்டும். தண்ணீர் நின்றால் அடுக்கு வழுக்கும்.

வெள்ளை சாஸுக்கு 80 கிராம் வெண்ணெயில் 80 கிராம் மைதாவைச் சிவக்காமல் வறுத்து, ஒரு லிட்டர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். கரண்டியின் முதுகில் ஒட்டினால் பதம் சரி. கைமா, பாஸ்தா தகடு, சாஸ், துருவிய சீஸ் என்று மாற்றி மாற்றி அடுக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

மறுநாள் ஓவனில் 180 டிகிரியில் முக்கால் மணி நேரம், மேலே பொன்னிறமாகும்வரை. எடுத்ததும் வெட்டாதீர்கள், 15 நிமிடம் ஆறினால்தான் துண்டு குலையாமல் வரும். அதுவரை கத்திக்கு வேலையா இல்லை? கேக் இருக்கிறதே! விருந்து நேரத்தில் உங்கள் இடம் அடுப்படி அல்ல, மகளின் பக்கம்.