தளி வீட்டுத் தொலைக்காட்சி: ஒரு வாரப் பாடபேத ஆராய்ச்சி

முல்லைத் திணைக்கு உரிப்பொருள் 'இருத்தல்'. வெளியே போன கணவன் திரும்பும்வரை மனைவி வீட்டில் பொறுத்திருப்பது என்று உரைகாரர்கள் விளக்கினார்கள். டிவி வராத காலத்து விளக்கம் அது. 2019 கார்த்திகையில், தளியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு வாரம் குறிப்பேடும் பேனாவுமாக உட்கார்ந்த பிறகு, இருத்தல் என்பது அசையாமல் உட்கார்ந்திருத்தலே என்று துணிந்தேன். முல்லைக்கு நிலம் காடு. ஊரைச் சுற்றி இருப்பது அதுதான். சிறுபொழுது மாலை, சீரியல் நேரமும் அதுவே. பெரும்பொழுதுதான் இடிக்கிறது. இலக்கணம் கார்காலம் கேட்கிறது, நாங்களோ கம்பளிக்குள் கூதிரில் கிடந்தோம். 'லிட்டில் இங்கிலாந்து' என்று பெயர் வாங்கிய ஊர் என்பதால் இதை வழுவமைதியாகக் கொள்க.

களம் பற்றிக் கொஞ்சம். 1956இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது ஓசூர் வட்டாரம் தமிழ்ப் பக்கம் நின்றது. அப்போது நாங்கள் சேலம் மாவட்டம், 1965இல் தருமபுரி, 2004 முதல் கிருஷ்ணகிரி. வீடு ஒரு அடி நகரவில்லை. அதே போல டிவியும் மூலையை விட்டு நகராமல் மூன்று மொழி பேசுகிறது. சென்னைத் தூர்தர்ஷன் 1975லேயே வந்துவிட்டாலும் அது எங்களுக்கு எட்டாத தூரம். பெங்களூர் நிலையம் 1981இல் தொடங்கிய பிறகு, இந்தப் பக்கத்து ஆன்டெனாக்கள் இயல்பாகவே வடக்கு நோக்கின. அரசு 1968 முதல் இருமொழிக் கொள்கையில் உறுதியாக இருக்கிறது. எங்கள் ரிமோட்டுக்கு அந்த அரசாணை வந்து சேரவில்லை.

அம்மாவுக்குத் தாய்மொழி தெலுங்கு, படித்தது கன்னடப் பள்ளியில். ஆகவே பார்ப்பது கன்னடம், திட்டுவது தெலுங்கு, மருமகளிடம் பேசுவது தமிழ். என் மனைவி தருமபுரிக்காரி. தமிழைத் தவிர வேறொன்றும் கூடத்துக்குள் வரக்கூடாது என்பாள். எனக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். ஒன்பதரைக்குக் கம்பெனி பஸ் வரும்வரை நேரடிச் சான்று. பகல் தூக்கத்தில் காதில் விழுந்த மறுஒளிபரப்பு செவிவழிச் சான்று.

இனி மூலபாடம். விஜய் டிவியில் 2018இல் தொடங்கியது 'பாண்டியன் ஸ்டோர்ஸ்': மளிகைக்கடை, அண்ணன் தம்பிகள், தம்பிகளைப் பிள்ளைகளாக வளர்க்கும் அண்ணி. அதில் முல்லை என்றே ஒரு மருமகள் இருப்பது என் திணைக் கொள்கைக்குக் கிடைத்த எதிர்பாராத ஆதாரம். அடுத்த ஆண்டே அது கன்னடத்தில் 'வரலட்சுமி ஸ்டோர்ஸ்' ஆயிற்று, தெலுங்கில் 'வதினம்மா' ஆயிற்று. வதின என்றால் அண்ணி. தமிழனும் கன்னடனும் கடைக்குப் பெயர் வைக்க, தெலுங்கன் மட்டும் அண்ணிக்கு வைத்தான். தனி ஆய்வுக்குரிய செய்தி இது.

ஒரே கதைக்கு ஏன் மூன்று செட்டு முகங்கள்? கன்னடத்தில் பிறமொழிக் கதைகளை டப்பிங் செய்து காட்டுவதற்குத் திரையுலகினரே பல பத்தாண்டுகள் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். இந்தியப் போட்டி ஆணையம் அது தவறென்று சொன்னது 2015இல்தான். குரலை மாற்ற வழியில்லாதவர்கள் ஆட்களையே மாற்றி எடுத்துப் பழகினார்கள். தெலுங்கில் அந்தக் கட்டாயம் இல்லாமலே எடுக்கிறார்கள். விளைவு, எல்லையோர வீடுகளில் மட்டும் நிகழும் ஓர் அதிசயம்: தமிழ் பார்ப்பவர், கன்னடம் பார்ப்பவரின் வருங்காலத்தை அறிவார்.

இந்த அறிவுக்கு விலை உண்டு என்பதை என் மனைவி திங்கட்கிழமை கண்டுபிடித்தாள்.

"ஏம்மா, அண்ணன் தம்பிங்க பிரிஞ்சுடுவாங்களா?"

"ரிமோட்டைக் குடுங்க அத்தை, சொல்றேன்."

ஒரு சேதிக்கு அரை மணி நேரம் என்று கணக்கு. செவ்வாயன்றும் பண்டமாற்று ஒழுங்காக நடந்தது. புதன்கிழமை கையில் சரக்குத் தீர்ந்ததாலோ என்னவோ, மூத்தவர் கடையை விற்றுவிட்டு ஊரைவிட்டே போகிறார் என்று அவள் சொல்லிவிட்டாள். அம்மா அன்றிரவு களியைப் பிட்டு வைத்தபடி அப்படியே எழுந்துவிட்டாள். காலையில் கீரைக்குழம்போடு நான்தான் அதைச் சாப்பிட்டேன்.

வியாழனன்று அம்மா செய்த காரியத்தை உ.வே.சாமிநாதையர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். பாகலூரில் இருக்கும் என் சின்னம்மா 'வதினம்மா' ரசிகை. போன் போட்டு மூன்றாம் சுவடியை வரவழைத்து, மூன்றையும் ஒப்பிட்டு, கடை விற்ற கதை இடைச்செருகல் என்று அம்மா நிறுவிவிட்டாள். தீர்ப்பு தெலுங்கில் வாசிக்கப்பட்டது. மனைவிக்குச் சொல் புரியவில்லை, பொருள் புரிந்தது. அன்று முழுக்க ரிமோட் அம்மாவின் மடியில்.

சனி ஞாயிறு சினிமா ஓடியது, ஆய்வுக்கு உதவாது. வெள்ளிக்கிழமைதான் முக்கியம்.

அன்று ஏழரைக்கே கரண்ட் போயிற்று. ராகி முற்றும் பருவம். பன்னார்கட்டா பக்கத்து யானைகள் ஜவளகிரிக் காடு வழியாக இறங்கும் நாட்கள். யானை வந்ததால் லைனை நிறுத்தினார்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பீஸ் போச்சு என்றார் எதிர் வீட்டுக்காரர். ஆய்வாளன் இரண்டையும் பதிவு செய்கிறான். தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டது.

மெழுகுவத்தியைச் சுற்றி மூவரும் டிவியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தோம். அது இருட்டாக இருந்தது. ஆனாலும் முகத்தை வேறு பக்கம் திருப்ப யாருக்கும் தோன்றவில்லை. கன்னட சீரியல் நேரம் தாண்டியதும் அம்மா தொண்டையைச் செருமினாள்.

"ஏம்மா, இன்னைக்கு என்ன ஆகியிருக்கும்?"

"நெஜம் சொல்லட்டுமா அத்தை, பொய் சொல்லட்டுமா?"

"எது நல்லா இருக்கோ அதைச் சொல்லு."

மனைவி காலை மடக்கி உட்கார்ந்து ஆரம்பித்தாள். அண்ணி கடைக்கு வருகிறாள். கல்லாவில் மூத்தவர் இல்லை. அம்மா ரிமோட்டை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. மூத்தவர் எங்கே போனார் என்பது என் குறிப்பேட்டில் இல்லை.