ரவுட்டரும் டாங்கிளும்: ஓர் அகத்திணை ஆய்வு

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம் ஒருபுறம். மறையூர், மூணாறு, குமுளி மறுபுறம். பாலக்காட்டு மருதமும் இடுக்கிக் குறிஞ்சியும் இவ்வாய்வின் களம். இரு நிலத்திலும் தமிழர் வீடுகளுக்குப் புது ரவுட்டர் வந்துகொண்டிருக்கிறது. கம்ப்யூட்டரின் பின்னால் செருகிய நகக்கண் அளவு டாங்கிள் மட்டும் பழையதாகவே கிடக்கிறது. புலவர் பெருமக்கள் இதைக் கண்டுகொள்ளாதது வியப்பே.

தொல்காப்பியர் அகத்திணையை ஏழாக வகுத்து, கைக்கிளையை முதலிலும் பெருந்திணையைக் கடைசியிலும் வைத்தார். முன்னது ஒருதலைக் காமம், பின்னது பொருந்தாக் காமம். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் ஓயாமல் கூவ, 2.4 மட்டுமே அறிந்த டாங்கிளின் பட்டியலில் அந்தப் பெயரே தோன்றாதிருப்பது கைக்கிளை. வைஃபை 6 ரவுட்டரோடு 150 மெகாபிட் டாங்கிள் குடித்தனம் நடத்துவது பெருந்திணை. அட்டையில் 150 என்று போட்டிருந்தாலும் கைக்கு வருவது பெரும்பாலும் அதில் பாதிகூடத் தேறாது. 300 மெகாபிட்டுக்குப் பணம் கட்டியவர் கொதித்துப்போய் கேபிள்காரரைக் கூப்பிடுவார். அவர் தம் போனில் வேகத்தை அளந்து காட்டி, "அண்ணா, பெட்டியில முந்நூறு வருதுங்க. உங்க கம்ப்யூட்டருதான் வாங்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புவார். நச்சினார்க்கினியர் உரையிலும் இத்தனை தெளிவு அரிது.

பொருத்தம் பார்ப்போர் முதலில் நோக்க வேண்டியது துளையின் நிறம். உள்ளே நாக்கு கறுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் யுஎஸ்பி 2.0, அதன் உச்சவரம்பே 480 மெகாபிட். ஏஎக்ஸ்1800 என்று பெருமையாக எழுதிய அடாப்டரை அதில் செருகுவது வீண்செலவு. நீல நாக்கு யுஎஸ்பி 3.0. அதற்கும் ஒரு குணக்கேடு உண்டு: அது எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் எழுதி வைத்தது. ஒரு சாண் நீட்டிப்பு வயர் போட்டு அடாப்டரைத் தள்ளி வைத்தால் ஊடல் தணியும்.

அடுத்தது சுவர். பாலக்காட்டுப் பழைய வீடுகளின் வெட்டுக்கல் சுவரை 2.4 ஓரளவு தாண்டும், 5 சோர்ந்து விழும். அவ்விடத்தில் முல்லைக்குரிய 'இருத்தல்' தொடங்கும். திரையில் வட்டம் சுற்றும். எனவே ரவுட்டர் இருக்கும் அறையிலேயே கம்ப்யூட்டர் இருந்தால்தான் 5இன் பயன் முழுதாகக் கிட்டும்.

லேப்டாப்பைத் திறந்து வைஃபை உள்ளட்டையை மாற்றத் துணிவோர் ஒன்றறிக: ஏஎக்ஸ்210 பொதுவாக எந்தப் பலகையிலும் ஒத்துப்போகும். அதே உருவில் வரும் ஏஎக்ஸ்211 அதற்கென அமைந்த இன்டெல் பலகையில் மட்டுமே வாழும். உருவம் ஒத்தது, குலம் ஒவ்வாது.

இனி முடிபு. கேரள அரசின் கேஃபோன் இணையச் சேவை 2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பட்டபோது மாதம் 299 ரூபாய்த் திட்டத்தில் கிடைத்தது 20 மெகாபிட். அந்த அளவே போதும் என்போருக்குப் பழைய டாங்கிளே பத்தினி, மாற்றாதீர். 100 வரை ஏசி600 அடாப்டர் தாங்கும். 300 என்றால் இரட்டை ஆன்டெனா கொண்ட ஏசி1300, அதுவும் நீலத் துளையில்.

"கம்பியே இழுத்துவிட்டால் என்ன?" என்பது தேர்வாளர் தடை. இழுக்கலாம், அதுவே மேல். ஆனால் பழைய கம்ப்யூட்டரின் கம்பித்துளை பல வீடுகளில் 100ஐத் தாண்டாது. அதற்கும் ஓர் அடாப்டர் விற்கிறார்கள். அது தனி ஆய்வுக்குரியது.