எட்டு பிளக் மாப்ளைக்கு நாலு வார்த்தை

வாங்க மாப்ள, உக்காருங்க. காரு வாங்கிட்டீங்கன்னு ஊரே பேசுது. 2007 மாடல் சிட்டி, 1,50,000 ரூவாயாமா? அந்தக் காசுக்குப் புது புல்லட்டுகூட வராதுங்க. வித்தவரு டாக்டருன்னு புரோக்கரு சொல்லியிருப்பாரே? பழைய காரு எல்லாமே டாக்டரு ஓட்டினதுதானுங்க. அத்தனை டாக்டரும் எந்த ஊர்ல வைத்தியம் பாக்கறாங்கன்னுதான் எனக்குப் புடிபடல.

யோசிக்காமயா வாங்கியிருப்பீங்க! கண்ணாடியை ஏத்தி எறக்கியிருப்பீங்க, பாட்டு போட்டுக் கேட்டிருப்பீங்க. ஆயில் ஊத்தற மூடியைக் கழட்டி உள்பக்கம் பாத்தீங்களா? பால் ஊத்துன காப்பியாட்டம் நுரைகட்டி ஒட்டியிருந்தா, ஆயில்ல தண்ணி சேந்திருக்குன்னு அர்த்தம். ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். பாக்கலீங்களா? அதனால என்ன, காசு இருக்கறவங்க எதுக்குக் குனிஞ்சு பாக்கோணும்?

ஸ்பீடு பிரேக்கர்ல முன்னாடி டொக்கு டொக்குன்னு கேக்குது, ராத்திரி தூக்கமே இல்லைன்னு அக்கா சொல்லுச்சு. நல்லாத் தூங்குங்க. அது லிங்க் ராடா இருக்கும், இல்லாட்டி லோயர் ஆர்ம் புஷ்ஷு. அத்தனை வருஷத்து ரப்பரு வெடிக்காம என்ன பண்ணும்? லிங்க் ராடுன்னா ஜோடி 2,000 ரூவாய்க்குள்ள முடிஞ்சுரும். ஆனா நீங்க டக் இன் பண்ணின சட்டையோட ஒர்க்‌ஷாப்புக்குள்ள போயி, "எவ்வளவு ஆனாலும் பரவால்ல"ன்னு ஒரு வார்த்தை விட்டீங்கன்னா, நாலு ஷாக் அப்சார்பரும் புதுசா ஏறும். 20,000 ரூவா எறங்கும். சத்தம் மட்டும் உங்களை விட்டுப் போகாது.

சத்தம் போடற பழுது நல்ல பழுதுங்க, மாப்ள. வாயைத் தொறக்காம குடும்பத்தைக் கெடுக்கறது சூடுதான். ரேடியேட்டரோட மேல்தொட்டி பிளாஸ்டிக்கு. வருஷக்கணக்கா வெந்து வெந்து மயிரிழை வெடிப்பு விடும். கூலன்ட் சொட்டுச் சொட்டா போறதைக் காலைல பானட்டைத் தொறந்து பாத்தாத்தான தெரியும்? நீங்க கண்ணாடியைத் தொடைப்பீங்க, பானட்டைத் தொறக்க மாட்டீங்க. கொறைஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சாலும் போர்த் தண்ணியைப் புடிச்சு ஊத்துவீங்க. நம்மூரு உப்பு உள்ளார படிஞ்சு மிச்சத்தைக் கவனிச்சுக்கும். புது ரேடியேட்டரு 7,000, 8,000 ரூவாயில ஆகிப்போகும். முள்ளு சிவப்புக்கு ஏறினப்பறமும், "இன்னும் பத்து கிலோமீட்டருதான"ன்னு ஓட்டினீங்கன்னா ஹெட்டு வளைஞ்சு லேத்துக்குப் போகோணும். 30,000 எடுத்து வைன்னு நிக்கும். அந்தக் காசுக்குக் கோயமுத்தூர்ல ஏறி டெல்லிக்கே ஏரோப்ளேன்ல போயிட்டு வந்துரலாமுங்க.

அப்புறம் அந்த எஞ்சின் பெருமை. நாலு சிலிண்டருக்கு எட்டு பிளக்கு! பெட்ரோலு முழுசா எரியட்டும்னு ஜப்பான்காரன் ஒண்ணுக்கு ரெண்டா வெச்சிருக்கறான். முன்னாடி நாலு கையெட்டற தூரம். பின்னாடி நாலும் எஞ்சினுக்கு அந்தப் பக்கம் மறைஞ்சு கெடக்கும், கழட்டறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சுரும். முன்னாடி நாலை மாத்திட்டு எட்டுக்கும் பில்லு எழுதற கெட்டிக்காரங்க இருக்கறாங்க. நீங்க சண்டையெல்லாம் போட வேண்டாம். "பழைய பிளக்கு எட்டையும் கையில குடுத்துருங்க, பையன் வெச்சு வெளையாடுவான்"னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிருங்க.

கிளட்ச் செட்டுக்குக் கூலியோட 10,000 ரூவா வெச்சுக்குங்க. ஏசி கூலிங் காயில் ஓட்டையாச்சுன்னா டேஷ்போர்டையே பிரிச்சு எடுக்கோணும், காயில் வெலையை விடக் கூலிதான் வலிக்கும். திருப்பி மாட்டறப்ப ரெண்டு கிளிப்பு ஒடையும், அது இனாம். இப்ப பங்க்குல ஊத்தற பெட்ரோல்ல நூத்துக்கு இருவது எத்தனால் வேற. அதுக்குத் தாங்கற ரப்பரு 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகளுக்குத்தான் கட்டாயம். உங்க காரு அதுக்கெல்லாம் தாத்தா. பெட்ரோல் ஹோஸைத் தொட்டுப் பாருங்க, பிசுபிசுன்னு இருந்தா மாத்திருங்க. இதுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், தீப்புடிக்கற சமாச்சாரம்.

ஆர்.சி. புக்கைப் பாத்தீங்களா? பதினஞ்சு வருஷம் முடிஞ்சு 2022-ல புதுப்பிச்சிருப்பாங்க. அது அஞ்சு வருஷத்துக்குத்தான். 2027-ல மறுபடி போயி நிக்கோணும். அப்ப வண்டிக்கு இருவது வயசு ஆயிரும், இருவதைத் தாண்டிட்டா 2025-ல ஏத்தின கட்டணப்படி 10,000 ரூவா கட்டோணும். பசுமை வரி தனி.

காரை வித்துருங்கன்னா சொல்றேன்? நல்ல எஞ்சினுங்க அது, பாத்துக்கிட்டா இன்னும் ஓடும். மொத வருஷத்துக்குன்னு 50,000 ரூவாயை அக்கா கண்ணுல படாம ஒதுக்கி வெச்சுக்குங்க. ஒரே பழுதுக்கு அதுக்கு மேல கேட்டா, அன்னிக்கே வெலை பேசிருங்க. எங்கிட்ட மட்டும் விக்க வந்துராதீங்க.