கோவேறு கழுதையில் தபால் வரும் மாநகரம்

1949-க்கு முன்பு அமெரிக்காவில் எது பெருநகரம் என்று கேட்டால், எந்த இலாகாவின் பெருநகரம் என்று திருப்பிக் கேட்பார்கள். சென்சஸ்காரர்கள் 1910-லிருந்தே ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். மற்ற இலாகாக்கள் ஆளுக்கொன்று. பங்காளிகள் ஒரே நிலத்துக்கு வேறு வேறு பட்டா வைத்திருந்த கதைதான். பஞ்சாயத்துக்கு வந்து உட்கார்ந்தது பட்ஜெட் பீரோ. வரவு செலவு பார்க்கிறவருக்கு ஊர் எல்லையில் என்ன வேலை? பணப்பெட்டி யாரிடமோ அவர்தானே நாட்டாமை.

தீர்ப்பு சுருக்கம்: 50,000 பேர் உள்ள ஊர் இருந்தால் அந்தக் கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) முழுவதும் பெருநகரப் பகுதி. பக்கத்துக் கவுன்டிக்காரர்கள் கணிசமாக அங்கே வேலைக்கு வந்துபோனால் அதுவும் சேர்த்தி. தெருத்தெருவாக யார் அளப்பது? கவுன்டிவாரிப் புள்ளிவிவரம் ஏற்கெனவே கட்டுக்கட்டாகக் கிடந்தது. இதைச் சோம்பல் என்று சொல்லக்கூடாது, நிர்வாக வசதி.

கிழக்கே கவுன்டிகள் சின்னவை, மானம் தப்பியது. மேற்கே அரிசோனாவின் கோகனினோ கவுன்டியோ சுமார் 48,000 சதுர கிலோமீட்டர். கேரளத்தை உள்ளே இறக்கிவைத்தாலும் இடம் மிஞ்சும். அங்கே ஃபிளாக்ஸ்டாஃப் என்ற ஊர் 50,000-ஐ எட்டியதும் மொத்தக் கவுன்டிக்கும் யோகம் அடித்தது. கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பு பெருநகரப் பகுதி. பள்ளத்தாக்கின் அடியில் ஹவாசுபாய் பழங்குடியினர் வாழும் சுபாய் கிராமமும் பெருநகரப் பகுதி. அந்த ஊருக்குச் சாலை கிடையாது. சுமார் 13 கிலோமீட்டர் நடந்து இறங்கவேண்டும், அல்லது ஹெலிகாப்டர். தபால் இன்றும் கோவேறு கழுதை முதுகில்தான் வருகிறது. வாஷிங்டன் ஏட்டில் அது மாநகரக் கழுதை.

நடுவில் பெயர்ப்பலகையைச் சில முறை மாற்றினார்கள். 2003-ல், 10,000 முதல் 50,000 வரை உள்ள ஊர்கள் மனம் நோகாமலிருக்க ‘மைக்ரோபாலிட்டன்’ என்று ஆறுதல் பரிசு கொடுத்தார்கள்.

வினை 2021-ல் வந்தது. ஜனத்தொகை இரண்டு மடங்குக்கு மேல் பெருகிவிட்டதே, வரம்பை ஒரு லட்சமாக்கினால் என்ன என்று அதே பீரோவின் வாரிசு அலுவலகம் கேட்டது. 144 ஊர்கள் பெருநகரப் பட்டம் இழக்கும் என்றதும் மேயர்கள் கொதித்தெழுந்தார்கள். ‘இது வெறும் புள்ளிவிவரத்துக்குத்தான், மானியத்துக்கு இல்லை’ என்று அலுவலகம் சத்தியம் செய்துபார்த்தது. பட்டத்தைக் காட்டி மானியம் வாங்கித் தின்றவர்கள் நம்புவார்களா? ஜூலையில் 50,000-க்கே திரும்பினார்கள். மேற்கொண்டு ஆராயலாம் என்று விஷயத்தை அடுத்த சென்சஸ் தலையில் கட்டினார்கள்.